ஒன்று என்ற எண்ணைப் பூட்டியவன்

டக், டக், டக் என்று யாரோ போன் கொக்கியைத் தட்டும் சத்தம் முதலில் வரும். ஆள் பிறகுதான் வருவார். தட்டுகிற வேகத்தை வைத்தே எந்த செக்ஷன், எவ்வளவு கோபம் என்று சொல்லிவிடலாம். ஆபீஸ் டெலிபோன் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவனின் தொழில் அதுதான்: தான் போடாத சட்டத்துக்காகத் தான் திட்டு வாங்குவது. உங்களில் யாராவது, எந்த ஆபீஸிலாவது, ஒரு சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்குத் தெரியாதுங்க, மேலே கேளுங்க" என்று சொல்லியே காலம் தள்ளியிருந்தால் நான் சொல்வது புரியும்.

எண்பதுகளின் பின்பாதியில் தர்மபுரியிலிருந்து அரூர் போகும் சாலையில் ஒரு நூற்பாலையில் இருந்தேன். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றியவன். ஆலையில் பழைய டெலிபோன் போர்டைக் கழற்றிவிட்டு பீரோ உயரத்துக்கு எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். மாட்டிக் கொடுத்த ஆள் இரண்டு நாள் இருந்தார். போகும்போது இங்கிலீஷில் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பகலில் பெட்டிக்குள் எதையாவது மாற்றினால் பேசிக்கொண்டிருப்பவர்களின் லைன் அறுந்துவிடும் என்பதால் அதற்கு ராத்திரி ஆள் தேவைப்பட்டது. எனக்கு எப்படியும் தூக்கம் வராது. கேட்டேன், கொடுத்தார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ராத்திரிக்கு ஒரு பக்கம் என்று அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். டிப்ளமா கிடையாது, டிரெயினிங் கிடையாது. நிர்வாக அதிகாரி என்னை வைத்துக்கொண்டே மேனேஜரிடம் காரணம் சொன்னார்: "படிச்சவனைப் போட்டா நாலு மாசத்துல ஓடிடுவான் சார். இவன் எங்க போவான்?"

மூன்று வகுப்பு

ஆலையில் மொத்தம் நாற்பத்தெட்டு போன். அத்தனையையும் வகுப்புப் பிரிக்கச் சொன்னார் நிர்வாக அதிகாரி. முதல் வகுப்பு போனிலிருந்து எஸ்.டி.டி. உள்பட எங்கு வேண்டுமானாலும் பேசலாம். இரண்டாம் வகுப்பு, தர்மபுரி ஊருக்குள் மட்டும். மூன்றாம் வகுப்பு, ஆலை காம்பவுண்டைத் தாண்டாது. பட்டியல் அவர் எழுதியது. பெட்டியில் ஏற்றியது நான். மறுநாள் பொழுது விடிந்ததும் யார் முகத்தில் விழித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் முகத்தில்தான்.

யாருக்கும் யாரோடும் பேச அவசரமில்லை. பக்கத்து மேஜைக்காரனுக்கு என்ன வகுப்பு என்பதுதான் அவசரம். பஞ்சு பிரிக்கும் இடத்தில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார்; ஒருநாளும் வெளியே போன் பேசியவரில்லை. தனக்குக் கீழே இருந்தவனுக்கு இரண்டாம் வகுப்பு என்று தெரிந்ததும் என் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் எஸ்.எஸ்.எல்.சி.யில பர்ஸ்ட் கிளாஸுங்க. போன்ல மட்டும் என்னை மூணாங்கிளாஸ்ல உக்கார வெச்சிருக்கீங்க."

ஊளையிடும் போன்

பிறகு கம்ப்யூட்டர் டெர்மினல் வந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைய உற்பத்திக் கணக்கை கோயம்புத்தூர் தலைமை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். டெர்மினலுக்கும் போன் வயருக்கும் நடுவே மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. அது எழுத்தையெல்லாம் சத்தமாக்கி லைனில் அனுப்பும். அனுப்புகிறவர் மும்தாஜ் என்ற பெண், தர்மபுரிக்காரர். முக்கால்வாசி போயிருக்கும்போது திரையில் கன்னாபின்னாவென்று கோடும் புள்ளியுமாக வரும். மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். ஆறரை மணி பஸ் போய்விடும்.

எனக்குக் காரணம் பிடிபட மூன்று நாள் ஆயிற்று. மேனேஜர் போனுக்கு ஒரு சலுகை இருந்தது: யார் பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் நுழையலாம், நுழையும்போது பீப் என்று ஒரு சத்தம் வரும். மனுஷன் பேசும்போது பீப் வந்தால் மரியாதைக்குப் பேச்சை நிறுத்துவான். டெர்மினலுக்கு மரியாதை தெரியாது. அந்த பீப்பையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு குழம்பிவிடும். புத்தகத்தில் இதற்கென்றே தனியாக ஒரு கட்டம் இருந்தது. டெர்மினல் இருக்கிற போனுக்குள் யாரும் நுழைய முடியாதபடி அதில் குறித்துவைத்தேன். மறுநாளே மேனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "என் மில்லுல நான் நுழைய முடியாத போன் ஒண்ணு இருக்குதா?" என்று கத்தினார். திட்டு வாங்கிக்கொண்டு வந்து மும்தாஜிடம் சொன்னேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்: "அவருக்கு நுழையணும், எனக்கு ஆறரை பஸ்ஸைப் புடிக்கணும். எது பெருசுன்னு உங்க பொஸ்தகத்துல போட்டிருக்குதா அண்ணே?"

எட்டாவது வரி

எங்கள் பெட்டியில் வெளியே பேச முதலில் பூஜ்யம் போட வேண்டும், அப்புறம் நம்பர். இரண்டாம் வகுப்பு போனிலிருந்து எந்தெந்த நம்பர் போகக்கூடாது என்று எழுதிவைக்க ஒரு அட்டவணை உண்டு. அதில் எட்டே எட்டு வரிதான். அதில் ஏழு வரியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. முதல் வரி எஸ்.டி.டி.க்கான பூஜ்யம். தொழிலாளர் நல ஆபீஸின் நம்பர். யூனியன் ஆபீஸின் நம்பர் இரண்டு. யூனியன் வக்கீல் வீடு. ஒரு பத்திரிகை நிருபரின் வீடு. ஏழாவதாக நிர்வாக அதிகாரியின் சொந்த வீட்டு நம்பர். லீவு நாளில் யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாதாம். எல்லாம் அவர் சொன்னது. எல்லாம் நான் ஏற்றியது.

அந்தச் சமயத்தில் வேறொரு சூப்பர்வைசர், எஸ்.டி.டி. இல்லாத போனிலிருந்து டிரங்க் எக்ஸ்சேஞ்சின் 180-க்கு அடித்து ஓசூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு டிரங்க் கால் பதிவு பண்ணிவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டர் உண்டு. வெளியே போகிற ஒவ்வொரு காலையும் எந்தப் போன், எந்த நம்பர், எத்தனை மணி என்று காகிதத்தில் அடித்துத் தள்ளும். அதைக் காலையில் பேப்பர் படிப்பதுபோல் படிப்பவர் நிர்வாக அதிகாரி. உடனே என்னைக் கூப்பிட்டார். 180 மட்டும் போதாது, 181, 197, 198 எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்றார். மிச்சம் ஒரு வரிதான் இருக்கிறது என்றேன். அதற்கு அவர் சொன்ன வழி: "எல்லாம் ஒண்ணுலதானே ஆரம்பிக்குது? ஒண்ணைப் பூட்டிடு."

அன்று ராத்திரி எட்டாவது வரியில் 1 என்று ஏற்றினேன். 100 போலீஸ், 101 தீயணைப்பு, 102 ஆம்புலன்ஸ். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. ஆனால் புத்தகம் படித்தவன் நான்தானே? மறுநாள் மும்தாஜ் பக்கத்து மேஜை போனிலிருந்து 197-க்கு அடித்து ஒரு நம்பர் விசாரிக்கப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு சூப்பர்வைசரு அக்காகூடப் பேசுனதுக்கு ஊரையே பூட்டிட்டீங்களா அண்ணே?"

ஞாயிற்றுக்கிழமை

மாதையன் பஞ்சு குடோன் வாட்ச்மேன். கம்பைநல்லூர்ப் பக்கம். என் வயசுதான் இருக்கும், அதிகம் பேசாத மனுஷர். ஞாயிறு ஆலைக்கு லீவு. டெலிபோன் ஆபரேட்டர் இல்லை, ஆபீஸில் ஆள் இல்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் குடோனின் பின்பக்கம் பஞ்சுப் பொதியில் புகை கிளம்பியிருக்கிறது. குடோன் சுவரில் சிவப்புப் பெயின்டில் "தீ: 0 - 101" என்று கையளவு எழுத்தில் எழுதியிருக்கும். குடோன் போன் இரண்டாம் வகுப்பு; மாதையன் அதைப் பார்த்து அடித்திருக்கிறார். எங்கேஜ் சத்தம். மறுபடி அடித்தார், எங்கேஜ். மூன்றாம் முறையும் எங்கேஜ். எங்கள் பெட்டியில், பூட்டிய நம்பரை அடித்தாலும் எங்கேஜ் நம்பரை அடித்தாலும் ஒரே சத்தம்தான் வரும். வேறு எங்கேயோ பெரிய தீ போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு, தீப்பட ஆரம்பித்திருந்த பொதிகளை வெறுங்கையால் உருட்டிப் பிரித்துவிட்டு, கேட்டைத் திறந்து ரோட்டுக்கு ஓடினார். சித்தேரியிலிருந்து தர்மபுரி போகிற பஸ் வந்தது. குறுக்கே நின்று நிறுத்தி கண்டக்டரிடம் சொன்னார். அந்த டிரைவர் நல்ல மனுஷர். பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், சாமை மூட்டையும் புளிக்கூடையுமாக உட்கார்ந்திருந்த அத்தனை சனத்தோடும் நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போய் நின்றார். வண்டி வந்து அணைப்பதற்குள் குடோனில் பாதி போய்விட்டது. மாதையனுக்கு இரண்டு கையும் வெந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் அவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். குற்றம்: போன் செய்யாமல், காவல் இடத்தை விட்டு ஓடிப்போனது. ஆதாரம் வேண்டுமென்று, வீட்டிலிருந்து என்னை வரவழைத்து, பிரிண்டர் காகிதத்தைக் கிழித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். ஞாயிறு மூன்று மணிக்கு குடோன் போனிலிருந்து ஒரு வரிகூட இல்லை. நிர்வாக அதிகாரி அதை மாதையன் முகத்துக்கு நேரே ஆட்டினார்: "இங்க பாரு. நீ பொய் சொல்லுவ, மிஷினு சொல்லாது."

இரண்டு நாள்

மாதையன் "எங்கேஜாவே இருந்துதுங்க" என்று சொன்ன நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பூட்டிய கால் பெட்டியை விட்டு வெளியே போவதில்லை; வெளியே போகாதது காகிதத்தில் வராது. காகிதம் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் அவர் அடிக்காததல்ல. நான் பூட்டியது.

சொன்னேனா? இல்லை. அன்று சாயங்காலம் டியூட்டிக்கு வந்ததும் முதல் வேலையாக எட்டாவது வரியில் 1-ஐ எடுத்துவிட்டு 180 என்று மட்டும் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த வேலை போனால் மறுபடி காயில் சுற்ற வேண்டும். கண்ணும் முன்னைப்போல் இல்லை. இரண்டு நாள் இப்படி எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனின் வேலையைப் பறிக்கிற காகிதத்தை என் கையாலேயே கிழித்துக் கொடுத்துவிட்டு, தடயத்தையும் நானே அழித்தாயிற்று. நிர்வாக அதிகாரியைத் தவிர, மும்தாஜ் ஒருவருக்குத்தான் எட்டாவது வரி தெரியும். புதன்கிழமை சாயங்காலம் டெர்மினலை மூடிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். "நாளைக்கு என்கொயரியாம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

வெள்ளைக் காகிதம்

விசாரணையில் மேனேஜர், நிர்வாக அதிகாரி, கையில் கட்டோடு மாதையன். ஒன்றைப் பூட்டச் சொன்னது யார், பூட்டியது யார், திங்கட்கிழமை திருட்டுத்தனமாகத் திறந்தது யார் எல்லாவற்றையும் சொன்னேன். நிர்வாக அதிகாரி சிரித்தார். "டிப்ளமா இல்லாத ஆளு சார். கூட்டாளியைக் காப்பாத்தக் கதை கட்டறான்."

எனக்கு அப்போது வந்த கோபம் மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை எப்படி இருந்துச்சோ அப்படியே மாத்தி வெக்கறேன். குடோனுக்கு வாங்க." வந்தார்கள். பகல் என்றும் பார்க்காமல், யார் லைன் அறுந்தாலும் அறுந்துபோகட்டும் என்று, எட்டாவது வரியில் மறுபடி 1 ஏற்றிவிட்டு மேனேஜர் கையாலேயே அடிக்கச் சொன்னேன். பூஜ்யம் சுற்றினார், ஒன்று சுற்றினார், எங்கேஜ். மூன்று தடவை அடித்துப் பார்த்தார். எல்லோரும் பிரிண்டர் முன்னால் வந்து நின்றோம். காகிதம் அசையவே இல்லை. பிறகு 1-ஐ எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த போனிலேயே அடிக்கச் சொன்னேன். பிரிண்டர் கரகரவென்று ஒரு வரி அடித்தது. அந்தப் பக்கம் நிஜமாகவே ஆள் எடுத்துவிட, மேனேஜர் தடுமாறி, "தீ இல்லைங்க, போன் வருதான்னு பாக்கறோம்" என்று சொல்லி ஆலையின் பெயரையும் சொன்னார். தீயணைப்பு நிலையத்துக்காரர் கேட்டாராம்: "ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல சொல்லி அனுப்புனீங்களே, அந்த மில்லுங்களா?"

நூறு

மாதையனின் சஸ்பென்ஷன் ரத்தானது. மன்னிப்பு என்று ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கு ஒரு மெமோ: அனுமதியில்லாமல் பெட்டியில் கை வைத்ததற்கு. பூட்டியதற்கு மெமோ இல்லை, திறந்ததற்கு மெமோ. உங்கள் ஆபீஸில் வேறு மாதிரி நடக்கும் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

அதோடு விட்டார்களா? மறுநாள் நிர்வாக அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 101-ம் 102-ம் திறந்திருக்கட்டும், 180-ஐயும் 100-ஐயும் அடைத்துவிடு என்றார். 100 எதற்கு என்று கேட்டேன். எவனாவது போலீஸுக்கு அடித்து மில் மேல் புகார் சொல்வானாம். ஒன்பது வரி வேண்டும், இருப்பது எட்டுதான் என்றேன். ஏதாவது ஒன்றை எடு என்றார். "உங்க வூட்டு நம்பரை எடுத்துட்டா எடம் இருக்குதுங்க" என்றேன். மேஜையிலிருந்த பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு சொன்னார்: "வேண்டாம். 100 தொறந்தே இருக்கட்டும்."

டிஸ்டில்ட் வாட்டர்

ஒரு மாதம் கழித்து, கை ஆறி, மாதையன் டியூட்டிக்கு வந்தார். பொழுது சாயும் நேரம். பெட்டிக்குக் கீழே வரிசையாக பேட்டரி இருக்கும். கரண்ட் போனாலும் போன் ஓட வேண்டும் என்பதற்காக. வாரம் ஒருமுறை ஒவ்வொரு செல்லிலும் டிஸ்டில்ட் வாட்டர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்துகொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார். உள்ளங்கைத் தோல் புதிதாக, வெளுப்பாக இருந்தது. நான் ஆரம்பிக்கப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"மூணு வாட்டி அடிச்சேன்னு சொன்னனுங்க. நான் சொன்னதையும் யாரும் கேக்கல, அப்பறம் நீங்க சொன்னதையும் கேக்கல. வெள்ளைக் காகிதம் சொன்னதைத்தான் கேட்டாங்க."

நாற்பத்தெட்டு போனில் யார் யாரோடு பேசலாம் என்று வகுப்புப் பிரிக்கத் தெரிந்த எனக்கு, எதிரே நிற்கிற ஒரு ஆளோடு என்ன பேசுவது என்று எந்தப் புத்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லாததால், குனிந்து அடுத்த செல்லின் மூடியைத் திருகிக் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன்.