சாரி சொல்கிற அண்ணன்

என் அண்ணன் சம்பளம் வாங்குவது சாரி சொல்வதற்கு. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை அதுதான். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார். மெக்கானிக் வரவில்லை என்று யாரோ கத்துவார்கள். அந்த மெக்கானிக்கை அண்ணன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சாரி சொல்வார். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனிதர், அங்கே தேன் ஒழுகப் பேசுவார்.

ஒரே சாரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வாடிக்கையாளருக்கு எரிச்சல் ஏறுமாம். அதனால் மாற்றி மாற்றிச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். முதலில் சாரி. அப்புறம் 'வருந்துகிறோம்'. ஆள் விடாமல் கத்தினால் 'மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்'. கெட்ட வார்த்தைக்குப் போய்விட்டால் 'உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது'.

"ஏன் அண்ணா, இதுல எதுக்காவது அர்த்தம் இருக்கா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அர்த்தம் இருந்தா சாயங்காலம் வரைக்கும் சொல்ல முடியுமா?" என்றார்.

எனக்கு அந்த வார்த்தைமேலேயே ஒரு கடுப்பு. பஸ்ஸில் காலை மிதித்தாலும் சாரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சாரி, சொன்னது காதில் விழாவிட்டாலும் சாரி. பஞ்சு பிதுங்கிக்கிடக்கும் சோபாவைப் பார்த்தால், அதன் கோலத்துக்கும் 'சாரி ஸ்டேட்' என்று அதே சொல்லைத்தான் இங்கிலீஷில் போடுவார்களாம். தமிழில் அப்படி ஒப்பேற்ற முடியாது. வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு, ஐயோ பாவம் வேறு. மன்னிப்பு என்று வாயெடுத்தால் யாராவது கொஞ்சம் குனிந்தாக வேண்டும். அண்ணனுக்கு முதுகு வளையாது. அண்ணியிடம் எரிந்து விழுந்தால் அன்றைக்குப் பாத்திரத்தை அவரே தேய்த்துக் கவிழ்த்து வைப்பார், அவ்வளவுதான். அண்ணியும் புரிந்துகொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்.

அண்ணன் மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத நிலையில் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். "அவரு அடிக்கிறாருப்பா" என்றாள். "எல்லா வீட்லயும் இருக்கறதுதாம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லி, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார் என் அருமை அண்ணன். சில மாதம் கழித்து அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு நேராக ஒரு ஹாஸ்டலுக்குப் போனாள். அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

விஷயம் தெரிந்ததும் நான் போய் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து பாப்பா என்னோடும் அண்ணியோடும் மட்டும்தான் பேசினாள்.

போன மாதம் அவளுக்கு வெகுதூரத்தில், கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தது. திரும்பி வர வருஷக்கணக்கு ஆகும். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன்.

"அப்பா ஒரே ஒரு தடவை 'நான் பண்ணது தப்பு'ன்னு சொன்னா வந்துடறேன் அத்தை" என்றாள்.

"அவரை நேர்ல அனுப்பி வைக்கட்டுமா?"

"வேணாம். நேர்ல பாத்தா நான் அழுதுடுவேன். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும். ஃபோன்லயே சொல்லட்டும்."

அதிலும் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முரண்டு பிடிப்பார் என்று நினைத்தேன். இல்லை, சட்டென்று தலையாட்டினார். எழுந்துபோய் முகம் கழுவி, தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஃபோனில் பேசுவதற்குச் சட்டை எதற்கு? அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றார்.

நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, அவர் கையில் கொடுத்தேன்.

"அப்பா" என்றாள் பாப்பா.

அண்ணன் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. அவரால் முடியவில்லை. நான் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று கையை ஆட்டினேன். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அப்போதுதான் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அது அவருடைய ஆபீஸ் செருமல்.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். இனி இதுபோல் நடக்காது என உறுதியளிக்கிறோம்."

சொல்லும்போது கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. நிறுத்த நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாய் தன் பாட்டுக்கு ஓடியது. குரல் தழுதழுக்க, கடைசி வரியையும் சொல்லியே விட்டார். "வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"



"நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர்னு ஃபோன் பண்ணலப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

அண்ணன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெஜமாத்தாம்மா சொன்னேன்" என்றார், அணைந்துபோன அந்தத் திரையிடம். பிறகு என்னைப் பார்த்தார். "மனசாரத்தான் சொன்னேன். வேற மாதிரி வரல. நீயாவது சொல்லேன் அவகிட்ட."

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவள் நான். இதைச் சொல்ல மாட்டேனா? மறுபடியும் போட்டேன். இந்த முறை ஸ்பீக்கர் இல்லாமல், ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். நல்ல வேளை, எடுத்தாள்.

"பாப்பா, அப்பா அழுதுட்டு இருக்காருடி. சத்தியமா. நான் கண்ணால பாக்கறேன். பழக்க தோஷம், வாயில அப்படி வந்துடுச்சு. உனக்கே குரல்ல தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது அத்தை." அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். "நான் ஸ்கூல்ல படிக்கறப்போ அப்பா எனக்குச் செஞ்சு காட்டுவாரு. கஸ்டமர் ரொம்ப கத்தினா குரலைக் கம்ம வெச்சுக்கணும், அழற மாதிரி பேசணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்களாம். அச்சு அசல் இதே குரல்தான் அத்தை. நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்ப இது எந்தக் குரல்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? நீங்களே சொல்லுங்க."

என்ன சொன்னாலும் அண்ணனுக்காக நான் சொல்வதாகத்தான் இருக்கும்.

"நான் இங்கேருந்தே கிளம்பிடறேன் அத்தை. அம்மாவை மட்டும் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

திரும்பினேன். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். அண்ணி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"எப்ப வர்றாளாம்?" என்றார் அண்ணன்.