அம்மனிடம் தீட்டைத் திருப்பிக் கேட்டேன்

மூன்று வருடம் எனக்கு மாதவிலக்கு வரவில்லை. அது திரும்ப வர வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டினேன். வந்தது. நான் சொல்ல வந்த சாட்சி இவ்வளவுதான். "இதையெல்லாம் கோவில் மலர்ல போடுவாங்களா? குழந்தை வரம், வேலை கிடைச்சது, அந்த மாதிரி இருந்தா எழுதுங்க" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. எனக்கு நடந்ததைத்தானே நான் எழுத முடியும்? கூச்சமாக இருப்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள். வலியோடு இருக்கிற சகோதரிகள் மட்டும் கடைசி வரை படியுங்கள்.

என் பெயர் ரேவதி. அரவேணு கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பறிக்கிற தேயிலையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் லாரியை என் கணவர் ஓட்டுகிறார். மாமியாரோடு எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். கல்யாணமான இரண்டாம் வருடம், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான்காம் மாதக் கரு கலைந்துவிட்டது. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைக் கழுவி அனுப்பினார்கள். சில நாளிலேயே காய்ச்சலும் உதிரப்போக்குமாகத் திரும்பிப் போனேன். இன்னும் மிச்சம் இருக்கிறது என்று இரண்டாவது தடவை சுரண்டி எடுத்தார்கள். அழுதுகொண்டே மலையேறி வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வரவே இல்லை. உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தோம். மூன்றாம் மாதம் மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாகப் போய் மாங்காய் வாங்கி வந்தார். பரிசோதித்தால் ஒன்றுமில்லை. மாங்காயை நானே ஊறுகாய் போட்டேன். ஒரு டாக்டர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார். இன்னொருவர், சிலருக்குச் சீக்கிரமே நின்றுவிடும் என்றார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

நின்றுவிட்டது என்றால் வலி எதற்கு வருகிறது? மாதம் பிறந்தால் இரண்டு நாள் அடிவயிற்றைப் பிடித்து முறுக்கும். மெஷினை மிதிக்க முடியாது. கடைக் கதவைச் சாத்திவிட்டு வெட்டுப் பலகைக்குக் கீழே சுருண்டு படுத்துக்கொள்வேன். வலி மட்டும் தேதி தவறாமல் வரும், வர வேண்டியது வராது. இதை யாரிடம் சொன்னாலும் கவலைப்படாதே என்பார்கள். கவலைப்படாமல் இருக்க நான் என்ன கல்லா?

இங்கேதான் எங்கள் கோவில் கதைக்குள் வருகிறது. லைன் வீடுகளுக்கு மேலே இருக்கிறது எங்கள் மாரியம்மன் கோவில். சித்திரைத் திருவிழாவுக்குப் பூச்சாட்டு போட்ட நாள் முதல் மஞ்சள் நீராட்டு முடியும் வரை சந்நிதியில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதற்கு எண்ணெய் விட்டுத் திரி பார்ப்பது பெண்கள் வேலை. யாருக்கு எந்த நாள் ஆகாது என்று பார்த்து, மாற்றி மாற்றி ஆள் போடுவார்கள். எனக்குத்தான் ஆகாத நாளே கிடையாதே! மகளிர் வழிபாட்டுக் குழுவுக்குத் தலைவி தனலட்சுமி அக்கா. அவர் ஒரு நாள் என்னை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "ரேவதிய அம்மா சுத்தமாக்கி வச்சிருக்கா. விளக்குக்குன்னே பொறந்தவ இவ" என்றார். அன்றிலிருந்து விளக்கு என் பொறுப்பு. வயதில் பெரியவர்கள்கூட என் கையால் குங்குமம் வாங்கினார்கள்.

"எனக்கு மாசாமாசம் வலிக்குதுங்க அக்கா" என்றேன்.

"அது வலி இல்ல கண்ணு. அம்மா உன்னைச் சோதிக்கறா" என்றார்.

என் மாமியாருக்கோ பெருமை தாங்கவில்லை. பேரன் இல்லாத குறையை அதில் ஆற்றிக்கொண்டார். என் நோய்க்கு ஊரே சேர்ந்து மாலை போட்டுவிட்டது. மாலையைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை. மத்தியான நேரம், பூசாரி சாப்பிடப் போயிருந்தார். கோவிலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வலி எடுத்தது. அன்று மாதிரி அதற்கு முன்னால் எடுத்ததில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அம்மன் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை.

"தாயே, நீ கொடுத்ததாக எல்லாரும் சொல்கிற இந்தச் சுத்தம் எனக்கு வேண்டாம். என்னைக் கேட்டா கொடுத்தாய்? மற்ற பெண்களுக்கு வருவது எனக்கும் வர வேண்டும். அதற்குப் பெயர் தீட்டு என்றால் அந்தத் தீட்டைக் கொடு. நீயும் பெண்தானே, உனக்குத் தெரியாதா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். கேட்டுவிட்டு விழுந்து கும்பிடவில்லை. வலி குனிய விடவில்லை.

மறுநாளே பதில் என் கடைக்கு நடந்து வந்தது. எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த லேடி டாக்டர், ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்க வந்தார். டேப்பை அவர் தோளில் வைத்திருந்தபோதே என்னை வலி மடக்கிப் போட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பீரியட்ஸா?" என்றார்.

"இல்லீங்க டாக்டர். அது வந்து மூணு வருசமாச்சுங்க. இந்த வலி மட்டும் மாசாமாசம் வரும், ரெண்டு நாள்ல போயிரும்."

"அதுக்கு முன்னாடி வயித்தைக் கழுவினாங்களா?"

மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஆமாங்க, இரண்டு தடவை என்றேன். அவர் ஜாக்கெட்டை மறந்துவிட்டார். அங்கேயே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து, கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்த பெரிய டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். சுரண்டி எடுத்த இடம் புண்ணாகி, ஆறும்போது கர்ப்பப்பையின் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சினைப்பைகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. மாதாமாதம் ரத்தம் ஊறுகிறது, வாய் அடைபட்டு வெளியே வர வழியில்லை. அதுதான் வலி. பிறவியில் வந்ததில்லை, இடையில் வந்தது, அபூர்வமாகச் சிலருக்கு வருவது என்றார். எனக்கு உடனே புரிந்தது. லைனிங் துணியையும் மேல் துணியையும் தெரியாமல் சேர்த்துத் தைத்துவிட்டால் பை திறக்காது, பிரித்துத்தான் ஆக வேண்டும். வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகக் கேமரா விட்டு, சின்னக் கத்தரியால் பிரிக்கலாம் என்றார் டாக்டர். மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம். குழந்தை நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது, நின்றாலும் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால் கவனமாகப் பார்க்க வேண்டும். எதையும் மறைக்காமல் சொன்னார். சரி என்றேன்.

செய்தி எனக்கு முன்னால் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தனலட்சுமி அக்கா எங்கள் வாசலில் நின்றார்.

"அம்மா குடுத்ததைக் கத்தரி வச்சு அறுக்கப் போறியா? அறுத்துட்டு அந்தக் கையோட விளக்குப் பக்கம் வராதே."

"வரலீங்க. வேற ஆளைப் பாருங்க" என்றேன்.

மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். கோபம் என்றுதான் நினைத்தேன். கிளம்புகிற அன்று காலையில் அடுப்படியில் அவர் தனியாகப் புலம்பியது காதில் விழுந்தது. "சாமி குத்தம் ஆயிப் போச்சுன்னா இந்தப் புள்ள உசுரு போயிருமே" என்றார். பயம் எனக்காகத்தான். என் கணவர் எனக்கு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்து, "லீவு சொல்லிட்டேன், முதல் பஸ்ஸையே புடிச்சுரலாம்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

தையில் முதல் தடவை பாதிதான் பிரிந்தது. மாசியில் மறுபடி செய்தார்கள். திரும்ப ஒட்டாமல் இருக்க உள்ளே சின்ன பலூன் வைத்துச் சில நாள் கழித்து எடுத்தார்கள். பிறகு சுவர் வளர மாத்திரை. மாத்திரையை நிறுத்தியதும் ஒரு வாரம், பத்து நாளில் வர வேண்டும் என்றார் டாக்டர். நிறுத்தினேன். வாரம் போனது, வரவில்லை. சித்திரை பிறந்து பூச்சாட்டும் போட்டாயிற்று. குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளே கசந்துபோனேன். ஆனாலும் அம்மனிடம் ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லை. கேட்டதையேதான் கேட்டேன்.

மாவிளக்கு அன்று எல்லாரையும் போல நானும் தட்டோடு வரிசையில் நின்றேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் மாமியார், சற்றுத் தள்ளி தனலட்சுமி அக்கா. சந்நிதிக்கு முன்னால் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். மூன்று வருடத்துக்குப் பிறகு, வலியில்லாமல், சூடாக வந்தது.

என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாமியார் திரும்பிப் பார்த்தார். "அத்தை, வந்துருச்சு" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன், வரிசையே கேட்டுவிட்டது. "அய்யய்யோ, கீழ இறங்கு, வெளிய போ" என்று தனலட்சுமி அக்கா கத்தினார்.

நான் நகரவில்லை. "கேட்டதை இங்க நின்னுதாங்க அக்கா கேட்டேன். குடுத்ததும் இங்கயே. நன்றி சொல்லாம ஓடச் சொன்னா எப்படிங்க?" என்றேன்.

பூசாரி தீபாராதனைத் தட்டோடு திகைத்து நின்றார். அப்போது என் மாமியார், மூன்று மாதமாக என்னோடு பேசாதவர், என் தட்டை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, மேளத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னார்: "எம் மருமகளுக்கு வந்துருச்சு! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா! தீபத்தைக் காட்டுங்க சாமி!"

பூசாரி காட்டினார். நான் ஒற்றிக்கொண்டேன். மழை பிசகவில்லை, அம்மை வரவில்லை, ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போதும் சிலர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அந்த வருடமே மூன்று பெண்கள், ஜாக்கெட் அளவு கொடுக்கும் சாக்கில், கடைக்கு வந்து கதவைச் சாத்தச் சொன்னார்கள். ஒருத்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் தன்னால் கசிகிறது. ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அவளை நானே கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்காக என் சாட்சியில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். நான் கேட்டது என் உடம்பை, கொடுத்தாள். சகோதரிகளே, உங்கள் நோய்க்கு யாராவது தெய்வத்தின் பெயரை வைத்தால் நம்பாதீர்கள். வலிக்கிறது என்று அவளிடமே போய்ச் சொல்லுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். பதில் ஸ்டெதஸ்கோப்போடு வந்தால் அவள் அனுப்பிய ஆள்தான் என்று பின்னால் போங்கள். என்னைப் பாருங்கள், உலகத்தில் யாருக்கு மாதம் தவறாமல் வேண்டுதல் பலிக்கிறது?