ஒட்டிவைத்த இரண்டு பக்கங்கள்

மகள் படிக்கும் பள்ளியின் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கப் பெற்றோர் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். மேசையின் மறுமுனையில் ஒருவர் பழைய புத்தகங்களின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசையின் புளித்த வாடை வந்ததும் திருவையாற்றில் நான் படித்த ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அங்கே அலமாரியில் இருந்த உடல்நலப் புத்தகத்தில், பெண்பிள்ளைகள் வயதுக்கு வருவதைச் சொல்லும் இரண்டு பக்கங்களை டீச்சர் இதே பசையால் ஒட்டிவைத்திருந்தார். நானும் என் வகுப்புத் தோழி மல்லிகாவும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம்.

"சீக்கிரம் படிடி, டீச்சர் வந்தா தோலை உரிச்சிடுவாங்க" என்றாள் மல்லிகா.

எழுத்தின் மேல் எழுத்தாகத்தான் தெரிந்தது.

வீட்டுப் பெண்களெல்லாம் வயலில் இருந்த நடவு மாதத்தில் ஒருநாள் மல்லிகாவின் பாவாடையில் ரத்தம்.

"ஏதோ வியாதிடி. செத்துருவேனா?"

"யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான்கு நாள் அவள் வாய்க்காலில் ஒளிந்து ஒளிந்து துணி அலசினாள். ஐந்தாம் நாள், "பொழைச்சிட்டேன்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இது மட்டும் வேண்டாங்க" என்ற குரலில் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு மாணவியின் அம்மா கையில், வயதுக்கு வரும் சிறுமியைப் பற்றிய கதைப் புத்தகம். "ஆறாவது படிக்கிற புள்ளைங்களுக்கு எதுக்கு இது? உங்க பொண்ணு கையில குடுப்பீங்களா?"

"குடுப்பேங்க. லிஸ்ட்ல எழுதுங்க."

"தைரியந்தாங்க உங்களுக்கு" என்றபடி அவர் எழுதிக்கொண்டார்.

என் மகளுக்குப் பதினொரு வயது. இதைப் பற்றி அவளிடம் இன்றுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.