அமீன் நானாவைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு

முதியோரை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் எங்கள் சங்கத்தில் இன்று புதுச் சட்டம் வாசித்தார்கள். எழுபது வயது தாண்டியவர் தொண்டராக இருக்க முடியாதாம். அவரைத்தான் இனி மற்றவர்கள் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

அமீன் நானாவின் முகம் வாடிவிட்டது. அவருக்கு எழுபத்திரண்டு. வாராவாரம் சைக்கிளில் கரைத்தீவுக்குப் போய் மூன்று வீடுகளில் முதியவர்களோடு உட்கார்ந்து கதைத்துவிட்டு வருகிற மனுசன்.

"நான் வருவேண்டு அவங்க வாசல்லயே பாத்துக்கிட்டிருப்பாங்களே" என்றார்.

அவரைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சும்மா இருப்பேனா?

"நானா, இனி நீங்க கதிரையில சாஞ்சிருங்க. மருந்து குடிச்சீங்களாண்டு நான் வந்து கேக்குறன்."

முறைத்தார். பிறகு சட்டத்தாளை வாங்கி மெதுவாக வாசித்தார். "முதியவர் போக விரும்பும் இடத்துக்குத் தொண்டர் கூட்டிச் செல்ல வேண்டும். இப்பிடித்தானே எழுதியிருக்கு?"

"ஓம் நானா."

"அப்ப நாளைக்குக் காலையில சைக்கிளோட வா. கரைத்தீவுக்குப் போகணும். மூணு வீடு."

சங்கத் தலைவரே சிரித்துவிட்டார்.

நாளைக்கு நானா முன்னால் மிதிப்பார். மூச்சு வாங்கப் பின்னால் போகும் என்னைத் தொண்டர் பட்டியலில் சேர்ப்பதா, முதியோர் பட்டியலில் சேர்ப்பதா? நீங்களே சொல்லுங்கள்.