சந்தா வாங்காத சங்கம்

கொட்டகலையில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு இன்று காலை செல்வி டீச்சர் வந்தார். அவருடைய பழைய லேப்டாப்பில் இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். சத்தம் மட்டும் வரவில்லை.

சத்தத்தை இயக்கும் சவுண்ட் டிரைவர் நிரலில் இரண்டு வரியை மாற்றினேன். பாட்டு கேட்டது. டீச்சர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“இதெல்லாம் யாரு செய்றாங்க?”

“உலகம் முழுக்கப் பல பேரு டீச்சர், சும்மா ஆர்வத்துல. சவுண்ட் பக்கம் நானும் கொஞ்சம் பாக்குறேன்.”

“மாசச் சந்தா புடிப்பாங்களா?”

“இல்லைங்க.”

“தலைவரு யாரு?”

“அப்படி யாரும் இல்ல.”

“சந்தாவும் இல்லாம தலைவரும் இல்லாம ஒரு சங்கமா? எங்க தேயிலைத் தோட்டத்துல சொன்னா யூனியன்காரங்க சிரிப்பாங்க.” குரலைத் தாழ்த்தினார். “நமக்குச் சத்தம் குடுக்குறவங்க, நம்ம சத்தத்த கேக்க மாட்டாங்களா?”

நான் சிரித்தேன். அவர் லேப்டாப்பின் மைக் ஓட்டைமேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் போனார்.

பிறகு சந்தேகம் என்னைப் பிடித்துக்கொண்டது. இணையத்தில் அந்த டிரைவர் நிரலைத் திறந்து பார்த்தேன். அந்த மாடலில் லேப்டாப்பை ஆன் செய்ததுமே மைக்கும் திறந்துகொள்ளும்படி எழுதியிருந்தது. எந்தப் பாவி எழுதினான் என்று தேடினேன்.

என் பெயர்தான் இருந்தது.

திருத்திவிட்டேன். பிளாஸ்டரை இனி எடுக்கலாம் என்று டீச்சரிடம் யார் போய்ச் சொல்வது?