மீசை வைத்தவர்

புதிதாக அச்சடித்த பிளெக்ஸ் பேனரை விரிக்கும்போது மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்தாற்போல ஒரு நெடி எழும். அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஜீவனஹள்ளியில் நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்து ஆகஸ்ட் மாதம்தான் அதற்குக் காரணம்.

எங்கள் சந்தின் கடைசி வீட்டில் முனுசாமி தாத்தா தனியாக இருந்தார். பங்களாதேஷ் போருக்குப் போய் வந்தவர் என்பதால் தெருவுக்கே அவர் "மிலிட்டரி தாத்தா". கண்புரை எடுத்த புதிது. கை நடுங்கும் என்பதால் பள்ளிவிட்டு வந்ததும் அவருக்குச் சொட்டு மருந்து விடுவது என் வேலை. விட்டபின் ஐந்து நிமிடம் அவர் கண்ணைத் திறக்கக் கூடாது.

சுதந்திர தினத்தன்று அவருக்குச் சால்வை, பழத்தட்டு, தலைக்கு மைசூர் "பேட்டா" தலைப்பாகை, ஆளுயரப் பேனர் என்று, கன்னடத்தில் "சன்மானா" எனப்படும் பாராட்டு விழா நடத்த தெருச் சங்கம் முடிவு செய்தது. சங்கத்தை நடத்திய சேகரண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாத்தா ஊட்டு செவுத்துல பட்டாளத்து போட்டோ ஒண்ணு கீதுல்ல? அவருக்குத் தெரியாம எட்த்துக்கினு வா பாப்பா. சர்ப்ரைஸா இருக்கட்டும்."

மறுநாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த ஐந்து நிமிடத்தில், ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். படத்தில் சீருடையில் இரண்டு வாலிபர்கள். "இதுல தாத்தா யாரு?" என்று சேகரண்ணா கேட்டபோது, தாத்தாவுக்குத்தான் இவ்வளவு பெரிய மீசை இருக்கிறதே என்று, மீசை வைத்தவரைக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அடுத்த நாள் மருந்து விடப் போனால் தாத்தா சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "ஆணி கீது, படத்தக் காணோம் கண்ணு. பசவராஜு போட்டோ. என் கூட்டாளி. சண்டைக்குப் போனவன் திரும்பல. அவன் மீசைன்னா கேம்ப்பே வேடிக்கை பாக்கும். எனக்கு அப்போ மீசையே மொளைக்கல. அவங்க ஊட்லகூட வேற படம் கெடையாது."

சேகரண்ணாவிடம் ஓடினேன், பேனர் அச்சாகிவிட்டதாம், படத்தைக் கடைக்காரர் விழாவன்றுதான் தருவாராம். ஆளை மாற்றிக் காட்டிவிட்டேன் என்று சொல்லாமலே திரும்பினேன். கண் சரியாகத் தெரிந்தால்தானே பேனரைப் பார்ப்பார், மருந்தை விடாமலிருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனால் மருந்தை மட்டும் தவறாமல் விட்டேன்.

விழாவன்று பேனரை விரித்தபோது அந்த நெடி அடித்தது. தாத்தாவின் பெயருக்கு மேலே பசவராஜு முறைத்துக்கொண்டிருந்தார். சால்வை போட்டு, பேட்டா வைத்ததும் தாத்தா நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பவர், பேட்டாவை நேராக்கிக்கொண்டு, விறைத்து நின்று, பேனருக்கு ஒரு சல்யூட் அடித்தார். பக்கத்திலிருந்த கொடிக்கென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

விழா முடிந்ததும், கடைக்காரர் திருப்பித் தந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாத்தா என்னைக் கிட்டே அழைத்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "அழாத. யாருகிட்டயும் சொல்லாத," என்றார். "அவனுக்கு யாரும் சால்வ போடல கண்ணு."

மூன்று வருடம் கழித்துத் தாத்தா இறந்தபோது, பேனர் கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் படம் பத்திரமாக இருந்திருக்கிறது. அதே மீசை முகம், இம்முறை கண்ணீர் அஞ்சலி பேனராக, இருபுறமும் விளக்கோடு, சந்து முனையில் நின்றது. எல்லோரும் கும்பிட்டார்கள். தாத்தா சொன்ன சொல்லுக்காக நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது வைட்ஃபீல்டில் வேலை. போன மாதம் ஜீவனஹள்ளிப் பக்கம் போனேன். தாத்தாவின் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி எழும்பியிருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த அந்தப் படம் எந்தக் குப்பையோடு போனதோ, யாருக்கும் தெரியவில்லை. பசவராஜுவின் முகம் எனக்கு மீசை நுனிவரை நினைவிருக்கிறது. அவர் பக்கத்தில் மீசை முளைக்காமல் நின்ற தாத்தாவின் முகம்தான், எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேனென்கிறது.