அப்பாவுக்குப் பல் கட்டிய ஆண்டு

எங்கள் அப்பா இல்லாமல் ஓராண்டைக் கடத்திவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை நன்கு அறிவீர்கள். ஆனால் அவர் பயந்து பயந்து கழித்த ஒரு காலத்தை உங்களில் பலர் அறியமாட்டீர்கள். மூத்த மகள் என்ற முறையில் அதை எழுதுகிறேன்.

அப்பா திருவாமாத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மழையில்லாத வருடங்களில் நிலத்தைத் தம் அண்ணன்மாரிடம் விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு வந்து, கோர்ட்டில் டவாலியாகச் சேர்ந்தார். வழக்கு எடுக்கப்படும்போது வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரைக் கூவி அழைப்பது அவர் வேலை. அவர் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் டீ குடிப்பவரும் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவார்.

நாற்பது வயதுக்கு மேல் ஈறுகளில் சீழ் வைத்துப் பற்கள் ஆடத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஐம்பத்தைந்து வயதுவாக்கில் வாயில் ஒரு பல்லும் இல்லாமல் போயிற்று. கேப்பைக் கூழும் கரைத்த சோறும்தான் சாப்பாடு. உடம்பு இளைத்ததை அப்பா பொருட்படுத்தவில்லை. பேச்சு குழறியதுதான் அவரை அரித்தது.

ஒருநாள் ஒலக்கூர்ப் பக்கத்து விதவை ஒருவரின் நில வழக்கு. அப்பா கூப்பிட்டார்; யாரும் வரவில்லை. ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். நீதிபதியிடம் கொஞ்சம் பொறுக்கும்படி கெஞ்சிவிட்டு வெளியே ஓடினார். அந்த அம்மாள் எதிரே வேப்பமரத்தடியிலேயே இருந்தார்.

"சந்தனம்மா நீங்கதானேம்மா? கூப்டது காதுல உழலியா?"

"எம்பேரையா கூப்ட்டீங்க? வேற யாரையோன்னு இல்ல குந்திகினு இருந்தேன்!"

அன்று அப்பா சாப்பிடவில்லை. "என்னால அந்தம்மா நெலம் போயிருக்கும். நாளைக்கு யாரோடது போவுமோ? வேலைய உட்டுடறேன்" என்றார்.

"அதுக்குப் பல்ல கட்டிக்கினு வாங்க. விழுப்புரத்துல ஒரு டாக்டரு கட்றாராம், தம்பி சொல்லிச்சி" என்றார் அம்மா.

கூவும்போது கழன்று விழுந்தால்? தூக்கத்தில் விழுங்கிவிட்டால்? அப்பாவின் பயம் எங்களையும் தொற்றிக்கொண்டது. விழுப்புரத்திலிருந்த எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, கையைப் பிடித்து அழைத்துப் போனார். டாக்டர் மெழுகில் அச்செடுத்துப் பல்செட் செய்துகொடுத்தார். தூங்கும்போது கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கவும், நாக்கு பழகும்வரை சத்தமாகப் பேசிப் பார்க்கவும் சொன்னார்.

முதலில் எல்லாம் மோசமாயிற்று. ஈறு புண்ணானது, குமட்டியது, பேச்சு முன்னைவிடக் குழறியது. அப்பா லீவு போட்டுவிட்டு ஊருக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், நின்று பெயர்களைக் கூவுவார். நானும் அம்மாவும் மறுகோடியில் நிற்போம். பெயர் புரிந்தால் கையைத் தூக்கவேண்டும். புரியாமல் நாங்கள் நிற்கும்போது, அத்தனை தூரத்திலும் அவர் முகம் வாடுவது தெரியும். பல்செட்டில் ஈறை அழுத்துகிற இடத்தை டாக்டர் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் எங்கள் கைகள் அடிக்கடி உயர்ந்தன.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று நாங்கள் இருவரும் கோர்ட்டுக்கு எதிரே ஒளிந்து நின்றோம். அதே அம்மாளின் வழக்குதான் வந்தது. அம்மா என் மணிக்கட்டை நசுக்கிவிட்டார். அப்பா வாயைத் திறந்தார்.

"சந்தனம்மா...ள்!"

"இதோ வந்துட்டேங்க!" என்று மரத்தடியிலிருந்து பதில் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஓய்வுபெறும்வரை அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வறுத்த மல்லாட்டையும் மென்றார், உடம்பும் தேறியது. பல் போய் வாயை மறைத்துக்கொண்டு பேசுபவர் யாரைக் கண்டாலும், "வாங்க, நானே கூட்டிக்கினு போறேன்" என்று அவரோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிடுவார்.

நெஞ்சுச் சளியால் அவர் படுத்திருந்த கடைசி நாட்களில் உடனிருந்த கோர்ட்டு நண்பர்களுக்கும், எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் வணக்கம். மூச்சு அடங்கியபோது பல்செட் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது. அதை வாயில் வைப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் தயங்கினார்கள்.

"கட்டுனதுலேர்ந்து அது இல்லாம அவரு வெளியில போனதில்ல. வெச்சி அனுப்புங்க" என்றார் அம்மா.

தாடை இறுகிக்கொண்டிருந்தது. எங்கள் யாருக்கும் துணிவு வரவில்லை. மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து, உதட்டை மெல்ல விலக்கி, நோகுமோ என்று பயப்படுகிறவரைப்போல நிறுத்தி நிறுத்தி வைத்தார். எங்கள் மாமாவுக்கு நன்றி.